அங்காயி ஊத்துன தண்ணி

அது எந்தக் காலம்னு கேட்டா எனக்குத் தெரியாது. எனக்குச் சொன்னவங்களுக்கும் தெரியாது. ரோடு வரல, சர்வேக் கல்லு நடல, அவ்வளவு முந்தி. அப்ப ஈச்சங்குறிச்சின்னு ஒரு ஊரு இருந்துச்சாம். இதே ஊருதான் சம்மந்தி, நீங்க இப்ப காப்பி குடிச்சிட்டு உக்காந்திருக்கீங்களே, இதே ஊரு.

ஊருக்குக் கெழக்க ஒரு மேய்ச்சக் காடு. பேரு மினுக்கங்காடு. வர்ற வழியில பாத்திருப்பீங்க. வெயில் அடிச்சா தரையெல்லாம் கண்ணாடி ஒடைச்சுப் போட்ட மாதிரி மினுங்கும். அந்தக் கல்ல இப்ப ஜிப்சம்ங்கறாங்க, லாரியில ஏத்திக்கிட்டுப் போறாங்க. அப்ப கண்ணாடிக்கல்லு, அவ்வளவுதான். அந்த மண்ணு உங்க ஆத்து மண்ணு மாதிரி கெடையாது. வெள்ளையா, பச்சரிசி மாவாட்டம் இருக்கும். கெணறு வெட்டுனா தண்ணி வரும், வாயில வெக்க முடியாது, கசக்கும். கொளம் வெட்டுனா நெறையும், நெறைஞ்ச தண்ணி கல்லக் கரைச்சு பூமிக்குள்ளாற போயிரும். நெல்லு வராது, சோளம் வராது. மரம்கூட ஒண்ணு ரெண்டுதான்.

ஆனா புல்லு வரும். கொழுக்கட்டப் புல்லு. அதத் தின்ன ஆட்டுக்கு மயிரு பளபளன்னு நிக்கும், குட்டி கொழுகொழுன்னு போடும். எங்க சனம் அத நம்பித்தான் இங்க வந்து குடியேறுச்சாம். வேற என்ன இருக்கு எங்களுக்கு. ஆடு, அந்தப் புல்லு.

அந்தச் சனத்துக்குப் பெரிய ஆளு சடையமுத்து. அவரு பேச்சுக்கு மறுபேச்சு கெடையாதாம். ஆடு பூராவும் அவரு சொன்ன பக்கம்தான் திரும்பும், மனுசங்களும் அப்பிடித்தான். கிடை போடறதுல அவர அடிச்சுக்க ஆளில்லயாம். கிடைன்னா உங்களுக்குத் தெரியாதா, அறுப்பு முடிஞ்ச வயல்ல ஆட்ட அடைச்சுப் போட்டு, புழுக்கையும் மூத்தரமும் மண்ணுல எறங்க விடறது. ஆட்டெரு அவ்வருசம், மாட்டெரு மறுவருசம்னு சொல்லுவாங்க இல்ல. ஆத்துப் பக்கத்துப் பண்ணக்காரங்க எல்லாம், "சடையமுத்து, இந்த வருசம் எங்க வயலுக்கு வாப்பா"ன்னு ஆள் அனுப்புவாங்களாம். அதுல அவருக்கு ஒரு தெனாவெட்டு. இருக்காதா பின்ன.

ஒரு வருசம் அவருக்கு ஒரு யோசன வந்துச்சாம். "ஊரான் வயலையெல்லாம் வெளைய வெச்சோமே, நம்ம மினுக்கங்காட்டுக்கு என்னடா செஞ்சோம்? மண்ணு பூராவும் கறுப்பா பொருக்கு தட்டிக் கெடக்கு. பொருக்கு ஒடையாம புது மொள எங்கருந்து வரும்? கிடையப் போடுங்கடா அங்க."

அந்தப் பொருக்கச் சொல்லணும் உங்களுக்கு. வெள்ள மண்ணு மேல, ஆறுன புண்ணு மேல இருக்குமே, அந்த மாதிரி கறுப்பா, சொரசொரன்னு ஒரு ஏடு. கால வெச்சா அப்பளம் ஒடையற மாதிரி ஒடையும். வயக்காட்டுல பொருக்கு தட்டுனா களக்கொட்ட எடுத்து ஒடைச்சு விடுவோமா இல்லியா? அவரும் அதத்தான் சொன்னாரு. கேக்கறப்ப நாயமாத்தான இருக்கு.

கிடை போட்டாங்களாம். இன்னைக்கு ஒரு எடம், நாளைக்கு அடுத்த எடம். மாத்தி மாத்திப் போட்டாங்களாம். ஆட்டுக் குளம்பு பட்டுப் பட்டுப் பொருக்கெல்லாம் தூளாச்சு. மழை வரட்டும், இடுப்பு ஒசரம் புல்லு நிக்கப் போவுதுன்னு சடையமுத்து மீசையத் தடவிக்கிட்டு நின்னாராம்.

மழை வந்துச்சு. புல்லு வரல. அங்கங்க குழி விழுந்துச்சு. மழை நின்னதும் காத்து வந்துச்சு. காத்து அந்த மாவு மண்ண வாரிக்கிட்டுப் போயி ஊருக்குள்ள கொட்டுச்சாம். சோத்துல மண்ணு, கண்ணுல மண்ணு. பால் குடிக்கற குட்டி மூக்குல மண்ணு.

"எரு பத்தல, இன்னொரு தடவ போடுங்க"ன்னாராம் பெரியவரு. போட்டாங்க. அதுவும் போச்சு. மறு வருசமும் போட்டாங்க. காடு தேஞ்சுது, ஆடு தேஞ்சுது. குட்டி போட்ட தாயாட்டுக்கு மடியில பாலில்ல. கடைசியில பாத்தா கிடை படாத எடம்னு ஒரே ஒரு சரிவுதான் மிச்சம். வடக்க, கெளுவ முள்ளுக்கு அந்தாண்ட.

இப்பதான் அங்காயி வர்றா. அங்காயி யாருன்னா, சடையமுத்துக்கு மருமக, ரெண்டாவது மகன் பொண்டாட்டி. எங்க வம்சமே அவ வயித்துலருந்துதான். வாயில்லாத புள்ளையாம். அந்தக் காலத்துல மாமனார் முன்னாடி மருமக வாய் தொறக்கக் கூடாது, அது வேற.

அவகிட்ட ஒரு சென ஆடு, கால்ல முள்ளேறி நொண்டிக்கிட்டுக் கெடந்துச்சு. கிடைக்குள்ள போட்டா மத்த ஆடு மிதிச்சிரும்னு, அத அந்தச் சரிவுல ஒரு செடி நெழல்ல கட்டி வெச்சிருந்தா. ஒரு நாள் முள்ள எடுத்து, செம்புத் தண்ணியில புண்ணக் கழுவுனாளாம். கழுவுன தண்ணி பொருக்கு மேல சிந்துச்சு. துணியக் கிழிச்சுக் கட்டு கட்டிட்டுக் குனிஞ்சு பாக்கறா. தண்ணி பட்ட எடம் மட்டும் பச்சையா இருக்கு. பாசிப் பச்ச. கறுப்பாக் கெடந்தது கண்ணு முன்னால பச்சையாயிருச்சு.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சாம். சுத்தி முத்திப் பாத்தா, புல்லுத் தூரெல்லாம் அந்தப் பொருக்கு மேலதான் நிக்குது. பொருக்கு ஒடைஞ்ச எடத்துல ஒரு தூரு இல்ல. அடப்பாவி, நாம செத்ததுன்னு நெனச்சது உசுரோட இருந்திருக்கேன்னு அப்பிடியே உக்காந்துட்டாளாம்.

வீட்டுக்கு வந்தா மாமனார் சொல்லிக்கிட்டிருக்காரு. "நாளைக்கு வடக்குச் சரிவுல கிடை. அதுவும் சரிவரலைன்னா ஆட்டையெல்லாம் வித்துட்டு ஊர விட்டுப் போவ வேண்டியதுதான்."

விடிஞ்சுது. ஆடெல்லாம் சரிவுகிட்ட வந்து நிக்குது. ஆளுங்க பட்டி கட்ட மூங்கிக் கழிய எறக்குறாங்க. அங்காயி இடுப்புல ஒரு கொடத்தோட வந்து குறுக்க நின்னா. அந்தக் கொடத்துல இருந்தது குடிக்கற தண்ணி. நல்ல தண்ணின்னா ரெண்டு ஊரு தாண்டி ஊத்துலருந்து கொண்டாரணும். அவ வீட்டுக்கு அன்னைக்கு அந்த ஒரு கொடம்தான்.

"மாமா, இங்க ஆட்ட எறக்காதீங்க"ன்னாளாம்.

எல்லாரும் வாயப் பொளந்துட்டு நிக்கறாங்க. புருசங்காரன் தலையக் குனிஞ்சுக்கிட்டான்.

"என்ன புள்ள சொல்ற?"

"இது பொருக்கு இல்ல மாமா. இந்த மண்ணோட தோலு. உசுரு இருக்கு அதுல. உரிச்சமுன்னா புல்லு வராது."

"ஆடு மேய்க்கறதுல நான் தல நரைச்சவன். எனக்கு நீ சொல்லித் தர்றியா?"

"சொல்லித் தரல மாமா. பாருங்கன்னு கேக்கறேன். பாத்துட்டுக் கிடை போட்டா நான் ஒரு வார்த்த பேசல."

சொல்லிட்டு, மிதிபட்ட மாவு மண்ணுல பாதிக் கொடம் ஊத்துனா. பக்கத்துலயே பொருக்கு மேல மீதியை ஊத்துனா. "ஐயோ, புள்ளைங்க குடிக்கற தண்ணிய மண்ணுல கொட்டுறாளே பாவி"ன்னு ஒரு கெழவி வயித்துல அடிச்சுக்கிட்டாளாம். மாவு மண்ணு தண்ணியக் குடிச்சுச்சு, கொழகொழன்னு எறங்கிருச்சு. பொருக்கு சும்மா கெடந்துச்சு. ரெண்டு பேரு சிரிச்சாங்க. சடையமுத்து திரும்பி ஆட்டப் பாத்து நடக்க ஆரம்பிச்சாராம்.

அங்காயி அசையல. மண்ணையே பாத்துக்கிட்டு நின்னா. வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவி மடிச்சு வாயில போடற நேரம்தான். சிரிச்சதுல ஒருத்தந்தான் முதல்ல பாத்தானாம். "பெரியப்பா, பச்சையாவுது"ன்னான்.

சடையமுத்து திரும்பி வந்தாரு. குந்துனாரு. ஒத்த வெரல வெச்சுத் தொட்டுப் பாத்தாரு. பொறவு அந்தாண்ட தெரிஞ்ச வெறுங்காட்டப் பாத்தாராம். அவ்வளவு பெரிய மனுசன் கண்ணுலருந்து பொலபொலன்னு ஊத்துச்சாம்.

"அப்ப நாந்தான் கொன்னுட்டனா அங்காயி?"

"தெரிஞ்சா செஞ்சீங்க மாமா? எல்லாமும் போவல. இந்தச் சரிவு இருக்குல்ல."

"இது மட்டும் இருந்து என்ன ஆவப் போவுது?"

அதுக்கு அவ சொன்னாளாம், "ஒரு பான பாலுக்கு எவ்வளவு மாமா உறை ஊத்துறோம்?"

அந்த மனுசன் எந்திரிச்சு, தலையில கட்டியிருந்த துண்ட அவுத்து இடுப்புல கட்டிக்கிட்டாராம். "கழியை எடுங்கடா. ஆட்ட ஒத்தச் சாரியாத் திருப்புங்க. வந்த தடத்துலயே போவணும். ஒரு குளம்பு வெளியில படக் கூடாது"ன்னாராம். அந்தக் கோடையில ஆட்டையெல்லாம் ஆத்துப் பக்கம் ஓட்டிப் பொழச்சாங்க. எவ்வளவோ ஆடு செத்துச்சு, இருந்தாலும் வம்சத்துக்கு ஆடு மிஞ்சுச்சு.

மொத மழை விழுந்ததும் திரும்பி வந்தாங்க. அங்காயி சரிவோரத்துல ஒரு கை பொருக்கு எடுத்து, நுணுக்கி, நனைஞ்ச வெறுமண்ணுல தூவுனா. பின்னாலயே சடையமுத்தும் துண்டுல பொருக்கு ஏந்திக்கிட்டு, அவ கால் வெச்ச எடத்துலயே கால் வெச்சு நடந்தாராம். ஒவ்வொரு மழைக்கும் நடந்தாராம். அவரு காலத்துல புல்லு வரல, ஆடு வெளியூருலதான் மேஞ்சுது. அங்காயி கெழவியானப்பதான் கறுப்பு தட்டுச்சு, அவ பேரப்புள்ளைங்க காலத்துலதான் ஆடு வாய் வெச்சுது. அவருக்குத் தெரியும், தன் கண்ணு பாக்காதுன்னு. தெரிஞ்சும் நடந்தாரு.

அதான் சம்மந்தி, மினுக்கங்காட்டுல கிடை கெடையாது, ஆடு ஒரே தடத்துலதான் போவும். அந்தத் தடத்துக்கு அங்காயித்தடம்னு பேரு. எந்த ஊருலயும் மாமனார் முன்னால, மருமக பின்னால. இந்த ஊருல மொத மழைக்குப் பொருக்கு தூவப் போறப்ப மட்டும் புதுசா வந்த மருமகதான் முன்னால.

முந்தாநேத்து ஒரு ஒழவு மழை விழுந்திருக்கு. தெக்க இன்னமும் கொஞ்சம் வெறுமண்ணு கெடக்குது. தாயி, இந்த வருசம் நீதான், எந்திரி. செருப்பக் கழட்டிட்டு வா. மெதுவா பாத்து நட, நீ வெக்கற எடத்துலதான் நாங்க எல்லாரும் கால வெக்கணும்.