வெண்டல் வாத்தியார் போட்ட ஓட்டு

ஓட்டுப்பெட்டி தகரத்துல இருந்த காலம். ஆத்துத் தண்ணி சொன்ன தேதிக்கு வந்த காலம். அந்தக் காலத்துல, குடமுருட்டிக் கரையில, எங்க பனையடிக்குடியில ஒரு பஞ்சாயத்துத் தேர்தல் நடந்துச்சாம்.

மிராசுதார் கோதண்டம் ஏணிச் சின்னத்துல நின்னார். போட்டியே இல்லாம ஜெயிச்சா என்ன பெருமைன்னு, தன் வண்டிக்காரர் காத்தானையே தராசுச் சின்னத்துல எதிர்த்து நிக்க வச்சார். எண்ணிப் பார்த்தா ஊரே ஏணிக்குப் போட்டிருக்கு. தராசுக்கு ஒரே ஒரு ஓட்டு.

"ஏண்டா காத்தான், உனக்கு நீயே போட்டுக்கிட்டியா?"

"ஐயோ எஜமான், நான் ஏணிக்குல்ல போட்டேன்!" காத்தான் அழுதேவிட்டாராம்.

அப்ப யார் போட்டது? ஊர் குழம்பிப்போச்சு.

இந்தச் சேதி எப்படி அமெரிக்கா போச்சுன்னு கேக்காதீங்க, யாருக்கும் தெரியாது. போச்சாம். அங்க வெண்டல்னு ஒரு அரசியல் வாத்தியார். மக்காச்சோளம் போடுற குடும்பத்துப் பிள்ளை. பெரிய யுனிவர்சிட்டியில வேலை, ஆனா நிரந்தரம் இல்லை. ஒரு புத்தகம் எழுதினா நிரந்தரம், எழுதலைன்னா வீட்டுக்குப் போ. ஊரே ஒரு பக்கம் சாஞ்சதை அந்த மனுஷன் பார்க்கலை. அந்த ஒத்தை ஓட்டைப் பார்த்தார். "அந்த ஊர்ல நிஜமா நடந்த தேர்தலே அந்த ஒத்தை ஓட்டுதான். அதைப் போட்டவரைப் பார்த்தா என் புத்தகம் முடிஞ்சது"ன்னு கப்பல் ஏறி வந்துட்டார்.

வந்தார். பள்ளிக்கூடத்து அருளானந்தம் சாரை மொழிபெயர்க்க வச்சுக்கிட்டார். வீடு வீடா ஏறினார். "தராசுக்கு யார் போட்டிருப்பாங்க?" அடுத்த வீடு. "தராசுக்கு யார் போட்டிருப்பாங்க?" அதுவரைக்கும் ஊர் அதைப் பாதி மறந்திருந்துச்சு. இவர் கேக்கக் கேக்க மறுபடி புகைஞ்சுது. ஒரு வீட்ல தையல்நாயகி பேரைச் சொன்னாங்க. அடுத்த வீட்லயும் அதே பேர்.

தையல்நாயகி யாரு? நடவுக்குப் போற பொம்பளைங்களுக்குத் தலைவி. அவங்க வயல்ல கால் வச்சாத்தான் மத்தவங்க இறங்குவாங்க. போன வருஷம் கூலி நெல் குறையுதுன்னு மிராசுதார் வாசல்லயே நின்னு கேட்டவங்க. வேற யார் பேரைச் சொல்லும் ஊர்?

வாத்தியார் நேரா களத்துக்குப் போனார். ஊரே நிக்குது. அத்தனை பேர் முன்னாடி கேட்டார்: "அம்மா, எல்லாரும் உங்க பேரைச் சொல்றாங்க. நீங்கதானா?"

தையல்நாயகி அவரை மேலயும் கீழயும் பார்த்தாங்களாம். "போட்ட கைக்குத் தெரியும், பெட்டிக்குத் தெரியும். உனக்கு எதுக்குய்யா?"

ஆமான்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. ஊருக்கு அது போதும். அன்னிக்கே ஊர்விலக்கு. அவங்களோட யாரும் பேசக்கூடாது, தண்ணி கொடுக்கக்கூடாது, வேலை கொடுக்கக்கூடாது.

"அவர் நல்லெண்ணத்துலதானேடி கேட்டார்?"

குறுக்க பேசாதே சுகந்தி. நல்லெண்ணம்னா? ஓட்டை எதுக்கு மடிச்சுப் போடச் சொல்றாங்க? அரசியல் சொல்லிக்கொடுக்கிற வாத்தியாருக்கு அது தெரியாதா? இதுலதான் எனக்குக் கோபமே. சரி, கேளு.

தலைவி இல்லாம நடவுக்காரங்க இறங்க மாட்டேன்னுட்டாங்க. நாத்தங்கால்ல நாத்து முத்துது. இன்னும் கொஞ்ச நாள் போனா மாட்டுக்குத்தான் ஆகும். மிராசுதார் தவிக்கிறார். ஆனா ஊர் சொன்ன சொல்லை எப்படித் திருப்புறது? ஒருத்தருக்கும் வழி தெரியலை.

வாத்தியாருக்குத் தூக்கம் போச்சு. ஊர்க்கூட்டத்துக்கு வந்தார். அருளானந்தம் சாரைக் கையமர்த்திட்டு, தனக்குத் தெரிஞ்ச தமிழ்ல அவரே சொன்னார்:

"தராசுக்கு ஓட்டு நான் போட்டேன்."

கூட்டத்துல ஒருத்தர் எழுந்தார்.

"யோவ், அப்ப நீ எங்க இருந்தே?"

"அமெரிக்காவுல."

"அங்கேர்ந்து எப்படிய்யா போட்டே?"

"அது ரகசிய ஓட்டு. சொல்ல முடியாது."

பொய்யின்னு பச்சைக் குழந்தைக்கும் தெரியும். மிராசுதார் தலையைச் சொறிஞ்சார். நாத்தங்கால் பக்கம் பார்த்தார். வாத்தியாரைப் பார்த்தார். திரும்ப நாத்தங்கால். "சரி. ஆள் கெடைச்சாச்சு. தையல்நாயகிக்கு விலக்கு இல்லை. இந்த வெள்ளைக்காரனோட இனிமே யாரும் பேசக்கூடாது."

புரியுதா? கேள்வி கேக்கிறதுதான் அவர் பிழைப்பு. பதில் சொல்ல ஊர்ல ஒரு வாய் இல்லை. அருளானந்தம் சார்கூட எதிரே வந்தா தலையைக் குனிஞ்சுக்கிட்டார். வாய்க்கால் மதகுமேல தனியா உக்காந்திருந்தாராம் வாத்தியார், கையில வெள்ளைத்தாளோட.

மறுநாளே நடவு நடந்துச்சு. நாத்துக்கட்டோட தையல்நாயகி மதகுகிட்ட நின்னாங்க. விலக்கு வச்ச ஆள்கிட்ட பேசினா மறுபடி விலக்கு. அதனால நாத்தைப் பார்த்துச் சொன்னாங்களாம்: "இப்பக் கேளேன். சொல்றேன்."

ஒரே வார்த்தை. கேட்டிருந்தா புத்தகம் முடிஞ்சுது, வேலை நிரந்தரம்.

வாத்தியார் ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கிட்டாராம்.

அப்படின்னு பாதிப் பேர் சொல்றாங்க. அந்தம்மா சொல்லிட்டாங்க, அவர்தான் வெளியே விடலைன்னு மீதிப் பேர். அந்தம்மா தராசுக்குப் போடவே இல்லை, வேற யாரோன்னும் ஒரு பேச்சு இருக்கு. எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஒண்ணும் விளங்கலை.

வெறுங்கையோட ஊர் போனார். பெரிய யுனிவர்சிட்டி அனுப்பிடுச்சு. ஒரு சின்ன காலேஜ்ல கடைசிவரை முதலாண்டுப் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுத்தாராம். முதல் நாள் வகுப்புல, "போன தேர்தல்ல யாருக்கு ஓட்டுப் போட்டே?"ன்னு கேப்பாராம். யாராவது எழுந்து சொன்னா, "என்கிட்ட எதுக்குச் சொன்னே?"ன்னு திட்டுவாராம். இது அருளானந்தம் சாருக்கு அவரே லெட்டர்ல எழுதினது.

தீ வச்சதும் அவர். அணைச்சதும் அவர். பேர் மட்டும் அவருக்கு! தையல்நாயகி பேர்ல எங்க ஊர்ல ஒரு சந்துகூட இல்லை, மதகுக்கு மட்டும் வெண்டல் மதகு. நியாயமா இது? ஆனா வாய் திறக்காம இருந்தது அந்தம்மா. அதைக் கடைசியா கத்துக்கிட்டது அவர். யாரைக் கும்பிடுறதுன்னு நான் எத்தனை சண்டை போட்டாலும் முடிய மாட்டேங்குது.

அன்னிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் எந்தத் தேர்தல் வந்தாலும், வேற யாருமே போடாத ஏதோ ஒரு சின்னத்துக்கு எங்க பூத்துல ஒரே ஒரு ஓட்டு விழும். மிஷின் வந்த பிறகும் விழுது. கட்சிக்காரங்க மண்டையைப் பிச்சுக்குவாங்க. "யார் போட்டது?"ன்னு கேட்டா எங்க ஊர்ல எல்லாரும் ஒரே பதில்தான் சொல்லுவோம்: "வெண்டல் வாத்தியார் போட்டார்."

போன தேர்தல்ல எனக்கு முதல் ஓட்டு. அப்பவும் ஒண்ணு விழுந்துச்சு.

என்ன சுகந்தி அப்படிப் பார்க்கிறே? போய் வாத்தியாரைக் கேளு.