கொலின்ஸின் ஜீபிஎஸ்

டினோஜா: ...மெல்லமா மூச்சு விடுங்கோ மதலேனாக்கா. இந்தச் சாமான் எள்ளளவு பெரிசும் இல்லை. பறந்துதெண்டால் நிலத்திலை தேடுறது நீங்கள்தான்.

மதலேனா: மூச்சும் விடக்கூடாதெண்டால் நான் வெளியிலை போய் நிக்கிறன்.

டினோஜா: வெளியிலை உங்கடை அவரின்ரை தம்பி மோட்டார் சைக்கிளோடை நிக்கிறார். றொட்னியண்ணையின்ரை முகத்தைப் பாக்கிறதிலும் இஞ்சை வேர்த்துக்கொண்டிருக்கலாம்.

மதலேனா: அந்த ஃபானையாவது போடன், பிள்ளை.

டினோஜா: போட்டால் எல்லாம் பறந்திடும். கட்டுநாயக்கப் பக்டரியிலை நான் வேலை செய்யேக்கை ஏசி ரூம். சாமானை மெஷினே போர்ட்டிலை வைக்கும். பிழைச்சு வாறதை மட்டும் நாங்கள் கையாலை ஈயம் வைச்சுத் திருத்துவம். இஞ்சை மெஷினும் நான்தான், ஏசியும்...

மதலேனா: நீ ஏசுறதுக்குக் குறைச்சல் இல்லைத்தான்.

டினோஜா: சிரிப்புக் காட்டாதேங்கோ, கை ஆடுது.

மதலேனா: இண்டைக்கும் இதின்ரை திரை எரியாதோ?

டினோஜா: ...பாப்பம்.

மதலேனா: போன கிழமையும் பாப்பம் எண்டுதான் சொன்னனி.

டினோஜா: கரண்ட் வாற இடம் முழுக்க உப்பு அரிச்சுப்போட்டுது அக்கா. ஒண்டை மாத்த, பக்கத்திலை இருக்கிறது கழலுது.

மதலேனா: அவசரமில்லை. நீ ஆறுதலாச் செய்.

டினோஜா: உங்களைப்போல ஒரு ஆளை நான் காணேல்லை. மற்றவை போனைத் தந்திட்டு வாசல்லையே காவல் நிப்பினம்.

மதலேனா: எனக்கு அவசரமில்லை. றொட்னிக்குத்தான்... இண்டைக்கு நீ திருத்தாட்டி, இதை வாங்கிக்கொண்டு மன்னார் றவுணிலை ஒரு கடைக்குப் போகப்போறானாம். அங்கை ஆரோ கெட்டிக்காரன் இருக்கிறானாம்.

டினோஜா: இண்டைக்கேயோ?

மதலேனா: மாமி விடுறாவில்லை. கடலிலை போன மகனுக்கு இன்னும் பூசை ஒப்புக்குடுக்கேல்லை எண்டு ஒவ்வொரு நாளும் கண்ணீர். நான்தான் சொன்னனான்... அவரின்ரை ஜீபிஎஸ் எரிய வேணும், படகு போன பாதையை நான் கண்ணாலை காண வேணும், அதுவரைக்கும் செத்தவைக்கு வைக்கிற ஆத்துமப் பூசைக்கு ஓம் சொல்லமாட்டன் எண்டு.

டினோஜா: பங்குச் சுவாமி என்ன சொன்னவர்?

மதலேனா: சரியெண்டிட்டார். ஞாயிறு பூசையிலை கொலின்ஸ் சுகமாத் திரும்பி வரவேணுமெண்டுதானே இன்னும் மன்றாடுறார். நீயும் கேட்டிருப்பாய்.

டினோஜா: ஓம்... கேட்டனான்.

மதலேனா: மாமி எனக்குக் கறுப்புச் சீலையும் எடுத்து வைச்சிட்டா. அலுமாரியைத் திறந்தால் அதுதான் முன்னுக்குக் கிடக்குது. அவவிலையும் பிழையில்லை. பெத்தவதானே. ஆனால் படகு தனிய வந்ததெண்டால் ஆள் இல்லையெண்டு அர்த்தமே? கடல் எல்லையைத் தாண்டியிருப்பார். அங்காலைக் கரையிலை பிடிச்சு வைச்சிருப்பாங்கள். அப்பிடிப் போய்த் திரும்பி வந்த ஆக்கள் எத்தினை பேர்.

டினோஜா: அக்கா, ஒண்டு கேக்கட்டே?

மதலேனா: கேளன்.

டினோஜா: இதின்ரை மூடியிலை இருக்கிற இறப்பர் கிழியேல்லை. தண்ணி போக வழியில்லை. கடலுக்குள்ள விழுந்த சாமான் எத்தினையைத் திருத்தியிருக்கிறன்... இவ்வளவு உப்பு ஒண்டுக்குள்ளயும் இருக்கேல்லை.

மதலேனா: கடல்தானே பிள்ளை. அது என்னவும் செய்யும்.

டினோஜா: ஒரு சிப்புக்குக் கீழை மீன் செதிலும் ஒட்டிக் கிடந்தது.

மதலேனா: மீன்காரன்ரை சாமானிலை செதில் கிடக்காமல்... அங்கை பார், உன்ரை ஈயம் புகையுது.

டினோஜா: புகையட்டும். அக்கா... றவுணிலை குடுத்தால் இதை உடனை எரியப் பண்ணிப்போடுவாங்கள்.

மதலேனா: உன்னாலை ஏலாததை அவங்கள் செய்வாங்களோ?

டினோஜா: என்னாலை ஏலாமல் இல்லை.

மதலேனா: என்ன சொல்லுறாய்?

டினோஜா: ஏசாதேங்கோ. நீங்கள் கொண்டுவந்து தந்த கிழமையே இது எரிஞ்சிட்டுது. பாத்திட்டு நான்தான் திருப்பிக் கழட்டினனான்... இந்தா, இந்தச் சின்னத் துண்டைத்தான். இது இல்லாட்டி கரண்ட் ஓடாது. நீங்கள் வாற நேரமெல்லாம் வேறை எங்கையோ ஈயம் வைக்கிறமாதிரிக் காட்டிக்கொண்டிருக்கிறன்.

மதலேனா: ...என்ன காட்டினது?

டினோஜா: படகு போன கோடு. கரையிலை இருந்து நேராப் போகுது. வலை விட்ட இடத்திலை நிக்குது. பிறகு...

மதலேனா: சொல்லு.

டினோஜா: பிறகு அது ஆள் ஓட்டின கோடு இல்லை அக்கா. காத்து தள்ளின பக்கமெல்லாம் வளைஞ்சு, சுத்தி, சுத்தி... ஓலைத்தொடுவாய்க் கரைப் பக்கம் வந்து ஒதுங்குது. எல்லைப் பக்கம் போகவேயில்லை.

மதலேனா: இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை?

டினோஜா: நீங்கள் பூப்போட்ட சட்டையோடை வந்து இந்தக் கதிரையிலை இருக்கேக்கை எனக்கு வாய் வரேல்லை. நான் சொன்னால் நாளைக்கே அந்தக் கறுப்புச் சீலையை உடுத்துவிப்பினம். எனக்கு மனம் கேக்கேல்லை அக்கா. அங்கை றொட்னியண்ணை ஹோண் அடிக்கிறார். இந்தத் துண்டை வைக்கட்டே, விடட்டே? நீங்கள் சொல்லுறதுதான்.

மதலேனா: வை, பிள்ளை. அந்தக் கோடு எனக்குப் புதிசில்லை. படகைக் கட்டியிழுத்துக்கொண்டு வந்த அண்டைக்கு நான்தான் முதல் ஏறினனான்... ஜீபிஎஸ் திரை எரிஞ்சு, அந்தக் கோட்டைக் காட்டினபடிதான் கிடந்தது. ஒருத்தரும் பாக்கமுந்தி வீட்டை கொண்டுபோய், மூடியைக் கழட்டி, கருவாட்டுக்கு மீன் ஊறின உப்புத் தண்ணிக்குள்ள நான்தான் அமத்திப் பிடிச்சனான்.