ஒன்றுமில்லை என்று சொல்லக் கற்றுக்கொடுத்தவர்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பேராசிரியர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவருடைய கணவரே, மகளே, இடம் இல்லாமல் படிக்கட்டு வரை நிற்கும் மாணவர்களே, ஊழியர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் இந்தக் கல்லூரியின் நூலகர். மேடைப் பேச்சு எனக்கு வராது. எனக்குத் தெரிந்ததெல்லாம் எண்ணுவது. எந்த ஆய்வுக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினார்கள், எவருடைய பெயர் எவருடைய கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் வருகிறது என்று எண்ணிக் கணக்கிட்டு, வரைபடம் போட்டுக் கொடுப்பது என் வேலை; மேற்கோளை இங்கே சைட்டேஷன் என்பார்கள். அதனால் இந்தக் கட்டடத்தில் பலருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. கண்டால் முகம் மலரும் ஒருவர் இருந்தார். அவரைத்தான் போன வாரம் பறிகொடுத்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறோம்.

பின்னால் உள்ள பலகையில் அவருடைய முழுப்பெயரையும் பட்டங்களையும் எழுதி வைத்திருக்கிறார்கள். முறைதான். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி அவரை நம்மில் யார் கூப்பிட்டோம்? ஜெல் டாக்டர். அதுதானே அவர் பெயர்! ஸ்கேன் எடுப்பதற்கு முன் தோலில் தடவும் அந்தக் குளிர்ந்த பசை அவருடைய கோட்டில் இருக்கும், கதவின் கைப்பிடியில் இருக்கும், எனக்குத் திருப்பித் தரும் புத்தகத்தின் அட்டையிலும் இருக்கும். நான் கடுகடுத்தால், "தொடச்சா போயிடும் சார்" என்று சிரிப்பார். துடைத்துப் பார்த்திருக்கிறேன். போகாது.

இரண்டாம் தளத்தின் கோடியில் இருக்கும் பயிற்சி அறை உங்களில் பலருக்குத் தெரியும். ஜன்னல் கிடையாது. ஒரு கட்டில். கட்டிலின் மேல் கழுத்திலிருந்து தொடை வரை மட்டுமே உள்ள ஒரு ரப்பர் பொம்மை. பக்கத்தில் ஒரு திரை. கையில் பிடிக்கும் கருவியைப் பொம்மையின் மேல் வைத்து நகர்த்தினால், உண்மையான ஒரு மனிதரின் உடம்பில் எடுத்துச் சேமித்து வைத்த ஸ்கேன் திரையில் நகரும். உயிருள்ளவர்கள் மேல் கை வைப்பதற்கு முன் மாணவர்கள் பழகிக்கொள்ள ஒரு சிமுலேட்டர். பார்த்து முடித்ததும் மாணவர் தன் முடிவைச் சொல்ல வேண்டும். சரியா, தவறா என்று திரை சொல்லிவிடும்.

அந்த இயந்திரம் வந்த புதிதில் அதற்குள் இருந்தவை எல்லாம் நோயாளிகளின் ஸ்கேன்கள். கல், கட்டி, வீக்கம், அடைப்பு. நோயைக் கண்டுபிடிக்கத்தானே பயிற்சி என்று நாம் எல்லோரும் சும்மா இருந்துவிட்டோம். ஜெல் டாக்டரும் அப்படித்தான் இருந்தார். அந்த ஆண்டு முதல் மதிப்பெண் வாங்கிய மாணவர், பயிற்சி முடிந்து ஸ்கேன் பிரிவுக்குப் போனார். நிறைமாதம் நெருங்கிய ஒரு பெண்ணுக்கு ஸ்கேன் பார்த்தார். குழந்தையின் இதயத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அந்தப் பெண்ணிடமே சொல்லிவிட்டார்.

அந்தப் பெண் வெளியே வந்து நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தாள். கையில் போன் இருந்தது. வீட்டுக்குப் பேச வாய் வரவில்லை. அந்த வழியாகப் போன ஜெல் டாக்டர் அவளை உள்ளே அழைத்துப் போய்த் தானே மறுபடி பார்த்தார். குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. எந்தக் குறையும் இல்லாத அந்தக் குழந்தைக்காக அவள் எவ்வளவு நேரம் அழுதிருந்தாள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அந்த மாணவர் அலட்சியக்காரர் அல்ல. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர். ஏனப்பா இப்படிச் செய்தாய் என்று டாக்டர் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை டாக்டர் என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

"தேடினா கிடைக்கும்னு நெனச்சேன் மேடம். அந்த ரூம்ல எப்பவும் கிடைச்சுதே."

தவறு மாணவருடையது அல்ல, தன்னுடையது என்று அன்றைக்கே முடிவு செய்தார் டாக்டர். நோயே இல்லாத ஓர் உடம்பைக் காட்டாமல் நோயைப் பற்றி என்ன பாடம்? ஒன்றுமில்லை என்று சொல்லும் தைரியம் இல்லாதவனிடம் எப்படி ஒருவர் வயிற்றைக் காட்டுவது? அதன்பிறகு அவர் நல்ல உடம்புகளைத் தேடி அலைந்தார். கண்ணில் பட்டவர்களை எல்லாம் பிடித்தார். வாயிற்காவலர், கணக்குப் பிரிவு அம்மா, ஆம்புலன்ஸ் ஓட்டுநர், லிஃப்ட் பழுது பார்க்கும் தன் கணவர். ஒவ்வொருவரையும் முழுதாகப் பரிசோதித்து, நோய் இல்லை என்று உறுதி செய்து, அனுமதி வாங்கி, இயந்திரத்தில் ஏற்றினார். பயிற்சியில் பாதி நல்ல உடம்பு, பாதி நோயுற்ற உடம்பு. எது எது என்று முன்கூட்டிச் சொல்லக் கூடாது. இதுதான் அவர் கொண்டுவந்த முறை.

என்னையும் விடவில்லை. என் பித்தப்பை அந்த இயந்திரத்தில் இருக்கிறது; அங்கே பெயர் கிடையாது, எண்தான், ஆனால் என் எண்ணை நானே மாணவர்களிடம் உளறியிருந்தேன். சரியான விடையை இயந்திரத்தில் ஏற்றுவதற்கு முன் சில காலம் மாணவர்கள் நூலகத்தில் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். ஒருவர் வந்து, எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம் சார் என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார். ஓடிப்போய் டாக்டரிடம் கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இல்லாத கல்லைக் கண்டுபிடித்த மாணவர்களை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். "இந்தக் காலேஜ்லயே உங்க பித்தப்பைக்குத்தான் சார் அதிக சைட்டேஷன்" என்றார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அவர் இருந்தால் இந்த நேரத்தில் அவரும் சிரித்திருப்பார்.

தன் முறையைப் பற்றி அவர் ஒரே ஒரு கட்டுரை எழுதினார். அதை எவரும் மேற்கோள் காட்டவில்லை. அரிய நோயைப் பற்றி எழுதினால் நூறு பேர் எடுத்துக் காட்டுவார்கள். நோய் இல்லாததைப் பற்றி எழுதினால் யார் காட்டுவார்கள்? சென்ற ஆண்டு நிர்வாகக் குழு எல்லாப் பேராசிரியர்களுக்கும் மேற்கோள் ஆய்வு செய்து தரும்படி என்னைக் கேட்டது. செய்தேன். அந்த வரைபடத்தில் ஜெல் டாக்டர் ஓர் ஓரத்தில், எந்தக் கோடும் வந்து சேராத புள்ளியாக இருந்தார். இந்த எண்ணிக்கையை வைத்துக் கற்பித்தலை எடை போடக் கூடாது என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தேன். குழு முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டு இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது. பழைய இயந்திரத்தை அகற்றிவிட்டு, தயாரிக்கும் நிறுவனமே ஸ்கேன்களைத் தயாராக ஏற்றித் தரும் புதியதை அந்த அறையில் வைப்பது என்று பேச்சு வந்தது. புதியதில் இருப்பவை அத்தனையும் மறுபடி நோயாளிகள். டாக்டர் சேர்த்த உடம்புகள் அதில் ஏறாது. இரண்டையும் வைக்க இடமும் இல்லையாம்.

அவர் சண்டை போடவில்லை. ஒரு மதியம் நூலகத்துக்கு வந்து, வேறு விதமாக எண்ண முடியுமா என்று மட்டும் கேட்டார். சீக்கிரம் வேண்டும் என்றார். எதற்கு இவ்வளவு அவசரம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அன்று காலையில்தான், பயிற்சி அறைக்குப் பக்கத்து அறையில், கருவியைத் தன் வயிற்றில் தானே வைத்துப் பார்த்திருக்கிறார். கணையத்தில் கட்டி இருந்தது. அவருக்கு இன்னொருவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடுத்த வகுப்பை எடுத்து முடித்துவிட்டு என்னிடம் வந்திருக்கிறார்.

நான் வேறு விதமாக எண்ணினேன். கட்டுரைகளின் கடைசிப் பக்கத்தை விட்டுவிட்டு, ஸ்கேன் கற்பிக்கும் இடங்களின் பாடத்திட்டங்களை எடுத்து வரி வரியாகப் படித்தேன். எங்கு பார்த்தாலும் அவருடைய முறை! பயிற்சியில் பாதி நோயற்ற உடம்பாக இருக்க வேண்டும், மாணவருக்கு முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்று ஏறக்குறைய அவருடைய சொற்களாலேயே எழுதியிருந்தார்கள். ஓரிடத்திலும் அவர் பெயர் இல்லை. ஒரு கருத்து எல்லோருக்கும் பழகிப்போனால், அதை முதலில் சொன்னவரை யாரும் குறிப்பிடுவதில்லை. என் துறையில் இது தெரிந்த விஷயம். மேற்கோளை மட்டும் எண்ணுகிறவன் கணக்கில் இப்படிப்பட்டவர்கள் வர மாட்டார்கள்.

அதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அப்போது படுக்கையில் இருந்தார். படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டவர், "அப்ப நடந்துடுச்சு சார், அதான் வேணும்" என்றார். பெயர் இல்லாதது அவருக்கு உறைக்கவே இல்லை. எனக்கு உறைத்தது. இன்றும் உறைக்கிறது. ஊரெல்லாம் எடுத்துக்கொண்ட ஒன்றை, அது பிறந்த அறையிலிருந்தே தூக்கி எறியப் போகிறோம் என்பது எனக்கு ஆறவில்லை. அந்த ஆய்வின் பிரதியை முதல்வர் அவர்களிடம் கொடுத்திருக்கிறேன். படிப்பதாகச் சொன்னார். படித்திருப்பார் என்று நம்புகிறேன். குழு வரும் வாரம் கூடுகிறது.

அன்பார்ந்தவர்களே, இன்னும் ஒன்று உண்டு. அவருடைய கணவரிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். முந்தாநாள் அவர் நூலகத்துக்கு வந்தார். பயிற்சி அறைக்குக் கூட்டிப் போக முடியுமா என்றார். தன் மனைவி முதன்முதலில் அந்த இயந்திரத்தில் ஏற்றிய நல்ல உடம்பு, டாக்டருடைய சொந்த உடம்பு. எனக்கே அது தெரியாது. எந்த எண் என்று கணவருக்குத் தெரிந்திருந்தது.

அறையில் புதிதாகச் சேர்ந்த ஒரு மாணவி பழகிக்கொண்டிருந்தார். எங்களை யாரென்று அவருக்குத் தெரியாது. அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கும்படி கேட்டேன். போட்டார். கல்லீரல் வந்தது, சிறுநீரகம் வந்தது. பொறுமையாக, ஒவ்வொன்றாகப் பார்த்தார். கணவர் திரையைப் பார்த்தபடி நின்றார்.

"கணையம் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கு சார். எல்லாமே நல்லா இருக்கு. இவங்களுக்கு ஒண்ணுமில்ல" என்றார் மாணவி. சரி என்று திரை காட்டியது.

கணவர் திரைக்கு இன்னும் அருகே வந்தார். பிறகு, "இன்னொரு தடவ பாரும்மா" என்றார்.

மாணவி மறுபடி முதலிலிருந்து பார்த்தார். அதே பதிலைச் சொன்னார். அந்த மாணவி இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். அது யாருடைய உடம்பு என்று இப்போதுதான் அவருக்குத் தெரியவருகிறது. மன்னித்துக்கொள் அம்மா.

முதல்வர் அவர்களே! நிர்வாகக் குழுவினரே! ஜெல் டாக்டருக்கு மலர் வைத்தோம், மௌனம் காத்தோம். அதோடு எழுந்து போக எனக்கு மனம் வரவில்லை. குழு கூடும் நாளில் நான் அங்கே வருவேன். வாயிற்காவலர் வருவார், கணக்குப் பிரிவு அம்மா வருவார், ஓட்டுநர் வருவார். நாங்கள் எல்லோரும் அந்த இயந்திரத்துக்குள் இருப்பவர்கள். புதியதை வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. இடம் இல்லையென்றால் என் நூலகத்தில் இரண்டு அலமாரிகளை எடுத்துவிட்டு அந்தப் பழைய கட்டிலைப் போட்டுக்கொள்கிறேன். இந்தக் கணவர் எப்போது வந்து கேட்டாலும், அவர் மனைவியைப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொல்ல ஒருவர் அங்கே இருப்பார். அதற்கு நான் பொறுப்பு.