காப்பு கட்டியவன் ஓடையைத் தாண்டக் கூடாது

பிரிஞ்சாங் டவுனில் ஒரு சீனரிடம்தான் பதினைந்து வருடமாக முடி வெட்டிக்கொள்கிறேன். தீபாவளிக்கு என் வீட்டு முறுக்கு அவர் கடைக்குப் போகும். சீனப் புத்தாண்டுக்கு அவரிடமிருந்து ஆரஞ்சுப் பழம் வரும். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், மிஸ் கரேன், நீங்கள் ஈப்போவிலிருந்து இவ்வளவு தூரம் மலையேறி வந்திருப்பது நான் இனம் பார்க்கிறவன் என்று யாரோ சொல்லித்தான் இருக்க வேண்டும். நான் அப்படிப்பட்டவன் அல்ல.

உங்கள் கேள்வி ஒன்றுதான். பிமலின் பெர்மிட்டைப் புதுப்பிக்கும் விண்ணப்பப் பாரம் ஏன் அனுப்பப்படவில்லை? வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவும் உங்கள் சங்கத்தில் அதைக் கேட்டுவரச் சொல்லியிருப்பார்கள். அதற்கான பதில் சின்னது. ஆனால் அதை மட்டும் எழுதிக்கொண்டு போனால் உங்களுக்கு எதுவும் விளங்காது. தேநீர் ஆறுகிறது, குடியுங்கள்.

நான் இந்தத் தேயிலைத் தோட்டத்தின் கிராணி. சம்பளப் பட்டியல், லீவு, வெளிநாட்டுக்காரர்களின் காகிதங்கள் எல்லாம் இந்த மேசைக்குத்தான் வரும். பிமல் மூன்று வருடங்களுக்கு முன்னால் வங்காளதேசத்திலிருந்து வந்தான். இரண்டு பேர் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கும் கொழுந்து வெட்டும் மெஷினில் வேலை. அங்கிருந்து வந்தவர்கள் எல்லாருக்கும் இங்கே ஒரே பெயர்தான், பங்ளா. அவர்களைப் பற்றி எங்கள் ஆட்கள் பேசுவது எல்லா ஊரிலும் பேசுவதுதான். கொடியில் துணி போட்டால் ஒரு கண் வைத்துக்கொள், பெண்பிள்ளையை அந்த லயத்துப் பக்கம் விடாதே, உடம்பெல்லாம் கடுகெண்ணெய் வாடை. நான் அதிகம் பேசியதில்லை. ஒருமுறை ரிங்லெட்டில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனபோது இந்தியர்களுக்குக் கொடுப்பதில்லை என்றார்கள். போனில் சரி என்றவர், என் முகத்தைப் பார்த்த பிறகு சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை. ஒவ்வொருவருக்கும் இது தன்னுடையது என்று ஓர் இடம் வேண்டியிருக்கிறது, அதற்குள் இன்னொருவர் வரக் கூடாது என்று நினைக்கிறார்கள். அதைப் புரிந்துகொண்டு திரும்பி வந்துவிட்டேன். மற்றவர்களும் அப்படிப் புரிந்துகொள்ளலாம்.

எனக்கென்று இருந்த இடம் சக்தி கரகம்.

நீங்கள் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர், உங்களுக்குத் தெரிந்திருக்காது. எங்கள் மாரியம்மன் கோயிலில் வருடத்துக்கு ஒரு தீமிதி. நெருப்புக் குழியில் முதலில் இறங்குகிறவர் தலையில் பூக்கரகம் இருக்கும். பன்னிரண்டு வருடமாக அந்தத் தலை என்னுடையது. மற்ற நாட்களில் நான் சம்பளத்தில் பிடித்தம் போடுகிற கிராணி, எதிரில் வந்தால் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். அந்த ஒரு நாள் கிழவிகள்கூட என் காலில் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுவார்கள். என் மனைவி சுபத்ரா எனக்கு வேட்டியை மஞ்சளில் முக்கி எடுத்துக் காயப்போடுவாள். அந்த வாரம் முழுவதும் அவள் என்னிடம் மெதுவாகத்தான் பேசுவாள்.

பிமல் கோயிலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பதை முதலில் பார்த்தவர் கோயில் தலைவர் தங்கையா. மணியைத் திருட வந்தவன் என்று நினைத்து விரட்டினார். அவன் போகவில்லை. கையைக் கூப்பிக்கொண்டு தன் முழுப் பெயரைச் சொன்னான், பிமல் சந்திர தாஸ். பங்ளாவில் சாமி கும்பிடுகிறவனும் உண்டா என்று லயமே கூடிவிட்டது. உங்க ஊரில் மாரியாத்தா உண்டா என்று வேலாயி கேட்டாள். ஷீதலா என்று ஒரு தாய் இருக்கிறாள், அம்மை போட்டால் அவளைத்தான் கும்பிடுவோம், வேப்பிலைதான் வைப்போம் என்று அவன் அரைத் தமிழிலும் அரை மலாயிலும் சொன்னான். வேலாயிக்குக் கண் கலங்கிவிட்டது. "அட, நம்ம ஆத்தாதான்யா. அங்கயும் போயி ஒக்காந்துருக்கா" என்றாள்.

அதன் பிறகு அவன் பங்ளா இல்லை, பிமல் ஆகிவிட்டான். எட்டு மாதத்தில் தமிழ் பேசினான். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலைக் கழுவினான். என் வீட்டு கேஸ் அடுப்பைச் சரிசெய்து கொடுத்தான். சுபத்ரா அவனைத் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்தாள், அவள் செய்த அதிரசத்தில் எனக்கு முன்னால் அவனுக்குப் பங்கு போனது. கொழுந்து வெட்டப் போகிறவர்கள் அவனோடு சிரித்துக்கொண்டே போவார்கள். என் ஜன்னலைத் தாண்டும்போது சிரிப்பு நிற்கும். தாண்டிப் போனதும் மறுபடியும் கேட்கும்.

இந்த வருடம் கரகத்துக்குப் பூக் கேட்கும் நாள் வந்தது. இரண்டு வெற்றிலைப் பொட்டலம், ஒன்றில் சிவப்புப் பூ, ஒன்றில் வெள்ளை. அம்மன் காலடியில் வைத்து ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். சிவப்பு வந்தால் நான் எடுக்கலாம், வெள்ளை வந்தால் மறுபடி கேட்க வேண்டும். வெள்ளை ஒருமுறையும் வந்ததில்லை. இந்த வருடம் பெண்கள் எல்லாம் பிமலுக்கும் கேளுங்கள் என்று தங்கையாவை நச்சரித்திருக்கிறார்கள். அவர் என்னிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். வெள்ளையை அவனுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று நானே சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், நானே சொன்னேன். அம்மன் என்னை விட்டுக்கொடுக்க மாட்டாள் என்று தெரியும்.

தங்கையாவின் பேத்தி வெள்ளையை எடுத்தாள்.

வேலாயி குலவை போட்டாள். பிமல் மண்ணில் விழுந்து கும்பிட்டு அழுதான். நாகப்பன் என் தோளில் தட்டி, "என்னா கிராணி, பன்னெண்டு வருசம் சர்வீஸ் லா, பென்ஷன் கெடைக்குமா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தால் சுபத்ரா ஒரு புது வேட்டியை மஞ்சளில் முக்கிக்கொண்டிருந்தாள். பிமலுக்கு இங்கே யார் இருக்கிறார்கள் என்றாள். உங்களுக்குத்தான் பழசு இருக்கிறதே என்றாள். அவள் கை முழங்கைவரை மஞ்சளாக இருந்தது.

இப்போது உங்கள் பாரத்துக்கு வருகிறேன். அதற்கு அடுத்த வாரம் பதினான்கு பாரங்களைத் தாப்பாவில் இருக்கும் ஏஜெண்டுக்கு அனுப்ப வேண்டும். பிமலின் போட்டோ கறுப்பாக விழுந்திருந்தது, முகமே சரியாகத் தெரியவில்லை. அப்படி அனுப்பினால் திரும்பி வரும். அதனால் அவனுடையதை மட்டும் இழுப்பறையில் வைத்தேன், பதின்மூன்று போயிற்று. வேறு போட்டோ கேட்டிருக்கலாம். தினமும் இந்த ஜன்னல் வழியாகத்தான் போனான். கேட்கவில்லை.

திருவிழாவுக்கு எட்டு நாள் முன்னால் காப்பு கட்டினார்கள். மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு முடிந்த நூல். கட்டிவிட்டால் ஒருவேளை சாப்பாடு, கவிச்சி கிடையாது, செருப்பு கிடையாது, தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. எங்களுக்கு எல்லை கீழே இருக்கும் ஓடை. உண்மையைச் சொன்னால், எங்கள் பையன்கள் காப்போடு மோட்டார் சைக்கிளில் டவுனுக்குப் போய் சிகரெட் வாங்கி வருவார்கள், தங்கையா பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பார். பிமல் ஒருவன்தான் ஓடைக்கு இந்தப் பக்கமே நின்று குளித்தான். காப்பு கட்டிய மூன்றாம் நாள் அவனுடைய பெர்மிட் முடிந்தது. வந்துவிடும் என்று சொல்லிவைத்திருந்தேன்.

ஐந்தாம் நாள் காலை எட்டு மணிக்கு ரிங்லெட்டிலிருந்து யாரோ போன் செய்தார்கள், சோதனைக்கு இமிகிரேஷனின் மூன்று லாரி மேலே வருகிறது என்று. நான் எந்த அதிகாரிக்கும் தகவல் கொடுக்கவில்லை. சத்தியமாக அது நான் இல்லை. காகிதம் சரியில்லாதவர்கள் எல்லாரும் ஓடையைத் தாண்டிக் காட்டுக்குள் ஓடினார்கள். பிமல் வெறுங்காலோடு இந்த வாசலுக்கு வந்தான். மூச்சு வாங்கியது. அவனுக்கு வழி சொல்ல வேறு யாரும் அப்போது இங்கே இல்லை.

"அண்ணே, என் பெர்மிட் வந்துச்சா?"

"இன்னும் இல்ல."

"நான் ஓடலாமா? ஓடை தாண்டலாமா?" என்று மணிக்கட்டைக் காட்டினான்.

"காப்பு கட்டிட்டு எப்படித் தாண்டுவ. ஒனக்கு ஒன்னும் ஆகாது பிமல். ஆத்தா கோவம் லயத்துல இருக்கிற புள்ளைங்க மேலதான் வரும்."

அவன் நூலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு, "அப்ப கோயில்ல ஒக்காந்துக்கறேன் அண்ணே" என்றான். ஓடினால் பத்து நிமிடத்தில் மரங்களுக்குள் போயிருப்பான். மற்றவர்கள் ஒருவரும் பிடிபடவில்லை, சாயங்காலமே திரும்பி வந்துவிட்டார்கள். அவன் கோயில் படியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், அதிகாரிகள் நடந்து போய்க் கூட்டிக்கொண்டு வந்தார்கள். மரியாதையாகத்தான் கூட்டிப் போனார்கள். தோட்டத்துத் துரை அன்று கோலாலம்பூரில் இருந்தார். பாரம் ஏஜெண்டிடம் இருக்கிறது என்று போனில் அவரிடம் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை கரகத்தை நான் எடுத்தேன். மறுபடி பூக் கேட்க நேரமில்லை. பெண்கள் அழுதுகொண்டேதான் என் காலில் தண்ணீர் ஊற்றினார்கள். ஆனாலும் ஊற்றினார்கள்.

இனி நீங்கள் கேட்காத விஷயம். புதன்கிழமை பதினொரு மணிக்கு இந்த போன் அடித்தது. தடுப்பு முகாமிலிருந்து பிமல். ஒரே ஒரு போன் பேச விட்டிருக்கிறார்கள், அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஆபீஸ் நம்பர்தான். தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தீமிதி நல்லபடியாக நடந்ததா என்று கேட்டான். கரகம் யார் எடுத்தது என்று கேட்டான். நான் என்றேன்.

"நல்லது அண்ணே. நான் பயந்தேன். அப்ப ஆத்தா கோவிக்கல."

அதை அவன் சொன்ன விதத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். தன் வீட்டில் இருக்கும் ஒருத்தியைப் பற்றி, அவள் மனது தனக்குத்தான் தெரியும் என்பதுபோல் சொன்னான். எங்கள் அம்மனை. எனக்குத் தைரியம் சொல்கிறான்.

பிறகு கேட்டான். "இங்க எல்லாத்துலயும் ஈக்கான் போடுறாங்க அண்ணே, மீனு. நான் வெறும் சோறுதான், ஒருவேளைதான். ஒடம்பு முடியல. காய்ச்சல். நூலை அவுத்துட்டு சாப்பிடலாமா? தங்கையா ஐயாகிட்ட கேட்டுச் சொல்லு அண்ணே. நான் லைன்ல இருக்கேன்."

தங்கையா அந்த ஜன்னலுக்கு வெளியேதான் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார். எட்டிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் தூரம். நான் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அவர் முதுகைப் பார்த்தேன். பிறகு கையை எடுத்துவிட்டுச் சொன்னேன்.

"கேட்டுட்டேன் பிமல். கட்டுன எடத்துலதான் அவுக்கணுமாம். அதுவரைக்கும் வெரதம் விடக் கூடாதாம்."

"சரி அண்ணே" என்றான். சுபத்ரா அக்காவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான். அதை நான் சொல்லவில்லை.

அடுத்த புதன்கிழமை அவன் செத்துவிட்டான். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் அங்கே பலருக்கு வந்ததாம், மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள், இவன் உடம்பில் தாங்குவதற்கு ஒன்றும் இல்லை என்று தாளில் போட்டிருந்தது. அந்தத் தாளும் இந்த மேசைக்குத்தான் வந்தது. கையில் மஞ்சள் நூல் என்று அடையாளத்தில் எழுதியிருந்தார்கள்.

விரதச் சட்டத்தைத்தானே சொன்னீர்கள் என்று நீங்கள் நினைக்கக் கூடாது என்பதற்காக இதையும் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் நாகப்பனின் மகள் காப்போடு இருக்கும்போது வயிற்று வலி வந்து கோலாலம்பூரில் ஆபரேஷன் வரை போயிற்று. தங்கையா இந்த நாற்காலியில் உட்கார்ந்து போனில் ஒரு வார்த்தை சொன்னார், அவுத்துரு தாயி, ஆத்தா ஒன்னும் சொல்ல மாட்டா என்று. அங்கேயே கத்தரித்துவிட்டார்கள். அந்த நம்பரை அழுத்திக் கொடுத்தவன் நான். ஒரு வார்த்தை போதும் என்று எனக்குத் தெரியும். அது என் வாயில் இருந்தது, நான் கொடுக்கவில்லை. பிமலைக் கொன்றது நான்தான். பாரத்தை எழுதியதுபோல் இதையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் இனத்தால் செய்தேன் என்று எழுத வேண்டாம். அவன் தமிழனாக இருந்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன். தமிழனாக இருந்திருந்தால் அவன் வெள்ளைப் பூவை வேண்டாம் என்று சொல்லியிருப்பான், அவ்வளவுதான். தன் இடம் எது என்று தெரிந்திருக்கும். அம்மனுக்கும் என்மேல் வருத்தம் இல்லை. இருந்திருந்தால் அன்று குழியிலேயே காட்டியிருப்பாள்.

வந்ததிலிருந்து நீங்கள் என் கால் கட்டைப் பார்க்கிறீர்கள். அது நெருப்பினால் வந்ததல்ல. தீமிதி முடிந்த மறுநாள் புது பூட்ஸ் வாங்கினேன், அது கடித்துவிட்டது, ஆறுவதற்கு நாளாகிறது. உள்ளங்காலில் பூட்ஸ் கடிக்காது என்று சுபத்ரா சொல்கிறாள். அவளுக்கு பூட்ஸ் போட்டுப் பழக்கமில்லை.