ஒரு வெற்றிலை அகலம்

மானிட்டர் வாங்குகிறவர்கள் எல்லாரும் ஒரு தப்பு செய்கிறார்கள், மேடம். கடையில் நின்று பார்த்து வாங்குகிறார்கள். கடைக்காரர் அதில் பவளப்பாறையும் கலர் மீனுமாக ஒரு வீடியோவை ஓடவிட்டிருப்பார். ஆகா என்று தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்து பாட்டு செய்கிற சாப்ட்வேரைத் திறந்தால்தான் அதன் வண்டவாளம் தெரியும்.

காபியைக் குடியுங்கள், ஆறிவிடும். நீங்கள் மானிட்டர் விலை கேட்க வரவில்லை என்பது தெரியும். கண் ஆஸ்பத்திரியிலிருந்து பெனடிக்டைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். ஆனால் எனக்கு இரண்டும் ஒரே கதைதான். மானிட்டரிலிருந்து ஆரம்பித்தால்தான் கோவையாகச் சொல்ல வரும்.

இந்த ஸ்டூடியோ என்னுடையது. என் அப்பா சிவனாண்டி நெல் போட்ட வயலில்தான் நீங்கள் இப்போது ஏசியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். எனக்குப் பாட்டு எழுத வராது, வாசிக்கவும் வராது. காது மட்டும் உண்டு. எது நன்றாக இருக்கிறது, எது இல்லை என்று கேட்டுச் சொல்லிவிடுவேன். நன்றாக இருப்பதைச் செய்கிறவன் பெனடிக்ட். சோழவந்தான்காரன். இந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால் அவன் உட்கார்ந்தால் உறுமியும் தவிலும் வயலினும் ஒருவன் கையிலிருந்தே வரும். சிடி உறையில் "ஒலிப்பதிவு: முத்துக்கருப்பன்" என்று என் பெயரைப் பெரிதாகப் போடுவோம். அவனுக்கு அதில் வருத்தமே கிடையாது. அவ்வளவு நல்லவன்.

எங்கள் தொழிலில் ஓய்வு என்று ஒன்று இல்லை. மார்கழியில் கிறிஸ்துமஸ் பாட்டு. அது முடிந்து கையைக் கழுவுவதற்குள் தவக்காலப் பாட்டுக்குப் பங்குக் கோயில்களிலிருந்து வந்துவிடுவார்கள். அதே நேரத்தில் மாசிப் பச்சை, குலசாமிக் கும்பிடு. சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிடப் போகிற பங்காளிகள் ஒவ்வொரு கூட்டமும் தங்கள் சாமிக்குத் தனிப்பாட்டு கேட்கும். பக்கத்துப் பங்காளிகளின் பாட்டைவிடக் கொட்டு ஒரு பிடி தூக்கலாக இருக்க வேண்டும் என்றும் கேட்கும். அப்புறம் சித்திரை, ஆடி, மாதா திருவிழா. தோத்திரமும் சாமியாட்டமும் இந்த ஒரே நாற்காலியிலிருந்துதான் பிறந்தன. வேதக்காரப் பையன் போட்ட கொட்டுக்கு உசிலம்பட்டிப் பக்கம் எத்தனை கோடாங்கிகள் அருள் வந்து ஆடியிருக்கிறார்கள் தெரியுமா? எனக்கு அதில் தனிப் பெருமை.

அந்தச் சாப்ட்வேரைப் பார்த்திருக்கிறீர்களா? திரை முழுக்க, பழைய ரேடியோவில் திருகுவோமே, அந்த மாதிரிக் குமிழாக இருக்கும். ஒவ்வொரு குமிழுக்கும் கீழே ஒரு எண். அந்த எண்ணை எழுதியவன் எறும்பு படிப்பதற்காக எழுதியிருப்பான் போல. ஒரு நாள் பெனடிக்ட் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அண்ணே, எழுத்தே தெரிய மாட்டேங்குதுண்ணே. எம்புட்டு நேரந்தான் உத்துப் பாக்குறது?" என்றான்.

அந்த முறை குற்றம் மானிட்டர் மேல்தான். நான் வாங்கிப் போட்டிருந்தது இருபத்தேழு இஞ்ச், கண்ணைப் பறிக்கிற தெளிவு. ஆனால் தெளிவு கூடினால் திரையில் புள்ளிகள் கூடும், புள்ளிகள் கூடினால் எழுத்து சுருங்கும். பாட்டுச் சாப்ட்வேர்களில் பாதிக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டத் தெரியாது. அன்று எனக்கும் இது தெரியாது. டவுன் ஹால் ரோட்டுக்குப் போய்த் தெளிவு குறைந்த முப்பத்திரண்டு இஞ்சாக ஒன்றைத் தூக்கி வந்து வைத்தேன். "இப்பத்தாண்ணே உசுரு வந்துச்சு" என்று சிரித்தான். கண்ணில் என்ன கோளாறு என்றாலும் மானிட்டரை மாற்றினால் போதும் என்று அன்றைக்கு நாங்கள் இரண்டு பேருமே நம்பிவிட்டோம். அவன் கடைசிவரை நம்பினான்.

அதற்குப் பிறகுதான் அவன் மனைவி ஐரின் டீச்சராக இருக்கிற பள்ளிக்கூடத்தில் உங்கள் கண் முகாம் நடந்தது. இங்கே ஒரு விதி உண்டு. ரெக்கார்டிங் நடக்கும்போது எல்லார் போனும் என் மேஜை டிராயருக்குள் போய்விடும். அதனால் எங்கே எதை நிரப்பினாலும் பெனடிக்ட் என் நம்பரைத்தான் கொடுப்பான். முகாமிலும் அப்படித்தான் கொடுத்திருக்கிறான்.

நீங்கள் கூப்பிட்டது இரண்டு வருஷத்துக்கு முந்தைய மாசி மாதம். ஆமாம், நீங்கள்தான். வாசலில் நின்று "சார் இருக்கீங்களா?" என்றபோதே கண்டுபிடித்துவிட்டேன். ஒரு தடவை கேட்ட குரலை நான் மறப்பதில்லை. உங்கள் குரல் நல்ல குரல், மேடம், சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் வருகின்றன. கண்ணுக்குள் அழுத்தம் மிகவும் கூடியிருக்கிறது என்றீர்கள். பார்வை ஓரத்திலிருந்து போகும், போனது திரும்பி வராது, இந்த வாரமே கூட்டி வாருங்கள் என்றீர்கள். "சரிங்க மேடம், சொல்லிடுறேன்" என்றேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெனடிக்ட் ஒரு குலசாமிப் பாட்டுக்குக் கொட்டு கோத்துக்கொண்டிருந்தான். யார் என்று கையை ஆட்டிக் கேட்டான். மைக்கில் சொன்னேன்: "கேம்ப்புல இருந்துடா தம்பி. ஒண்ணுமில்லையாம். நார்மலாம்." அவன் சிலுவை போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தான்.

நார்மல் என்பதை எதற்குச் சேர்த்தேன் என்று பிறகு யோசித்திருக்கிறேன். ஒன்றுமில்லை என்பதோடு நிறுத்தியிருக்கலாம். எதைச் செய்தாலும் திருத்தமாகச் செய்து பழகிவிட்டது. நீங்கள் விடாமல் மறுபடியும் கூப்பிட்டீர்கள். வேறு இடத்தில் காட்டிவிட்டோம், மருந்து போடுகிறான் என்றேன். "ரொம்ப சந்தோஷம் சார்" என்றீர்கள். உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

நான் ஒன்றும் செய்யாமல் இருந்துவிடவில்லை. அந்த மாசி முடிந்ததும் நாற்பத்து மூன்று இஞ்ச் வாங்கினேன். மானிட்டர் இல்லை, டிவிதான். மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு கடையில் எடுத்து, பூ மூட்டை ஏற்றிப்போகிற ஆட்டோவில் மல்லிகைக்கு நடுவே நிறுத்தி வைத்துக் கொண்டு வந்தேன். ஒரு வாரம் ஸ்டூடியோவே கல்யாண வீடு மாதிரி மணத்தது. "அண்ணே, என்ன தியேட்டரா கட்டிட்டீங்க?" என்று கேட்டான் பெனடிக்ட்.

பெரிய திரை வந்தால் பிரச்சினை தீரும் என்று நினைத்தேன். அங்கேதான் ஒரு புதுப் பாடம் படித்தேன். "அண்ணே, மவுசு அம்பு காணாமப் போயிருதுண்ணே" என்றான். அம்பு இடது மூலையில் ஜம்மென்று நின்றுகொண்டிருந்தது. அவன் திரையின் நடுவைப் பார்த்தபடி அதைத் தேடிக்கொண்டிருந்தான். அம்பைப் பெரிதாக்கி மஞ்சள் கலர் கொடுத்தேன். அப்படியும் காணாமல் போனது. நீங்கள் போனில் சொன்ன ஓரம் என்ற சொல் அப்போது ஞாபகம் வந்தது. அம்பை நானே ஒரு மூலையிலிருந்து மெல்ல நகர்த்தி, "இப்பத் தெரியுதா? இப்ப?" என்று கேட்டேன். தெரிகிறது என்று அவன் சொன்ன இடத்திலெல்லாம் மனதுக்குள் ஒரு கோடு போட்டேன். அவனுக்கு அது ஒரு விளையாட்டு மாதிரி இருந்தது. சரியாகச் சொன்னால் டீ வாங்கித் தருவேன்.

பிறகு பல்பைச் சுற்றி வானவில் தெரிகிறது என்றான். ஏசி ஈரம் என்றேன். தலைவலி என்றான். மஞ்சள் கண்ணாடி வாங்கித் தந்தேன். ஐரின் மட்டும் ஒரு நாள் என்னிடம் தனியாக வந்தாள். "அண்ணே, இவரு பக்கத்துல நிக்கிற புள்ளைய இடிச்சுட்டுப் போறாரு. ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரட்டுமா?"

"எல்லாம் அந்தச் சாப்ட்வேர்க்காரன் பண்ற கூத்து, டீச்சர். மெட்ராஸ்ல இருக்கவனெல்லாம் இதே பொலம்பல்தான். இந்த சீசன் முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

அப்போது சித்திரைப் பாட்டு நடந்துகொண்டிருந்தது. எந்த சீசன் என்று நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

சமயநல்லூர்ப் பக்கம் குறுக்கே வந்த மாட்டைப் பார்க்காமல் பைக்கோடு விழுந்தான். தோளில் சிராய்ப்புதான், கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன், அது பொய்யில்லை. மறுநாளிலிருந்து காலையில் நானே சோழவந்தானுக்குக் காரை எடுத்துப்போய் அவனை அழைத்து வந்து, சாயங்காலம் கொண்டுபோய் விட்டேன். "கூடப் பொறந்தவங்ககூட இப்புடிச் செய்ய மாட்டாங்கண்ணே" என்றாள் ஐரின். போகிற வழியெல்லாம் வெற்றிலைக் கொடிக்கால். அவன் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, "இந்த வருசம் கொடி நல்லா இருக்காண்ணே?" என்று கேட்பான். நல்லா இருக்குடா என்பேன்.

நீங்கள் எல்லாவற்றையும் கேட்கிறீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சமயத்தில் சென்னையில் ஒரு பெரிய ஸ்டூடியோவிலிருந்து அவனுக்கு அழைப்பு வந்திருந்தது. அவனும் பாதி மனதாக இருந்தான். பைக் ஓட்ட முடியாது என்றானதும், புது ஊரில் எப்படிச் சமாளிப்பது என்று தானாகவே வேண்டாம் என்றுவிட்டான். நான் ஒரு வார்த்தைகூடத் தடுத்துப் பேசவில்லை.

இனிமேல்தான் மானிட்டர் விஷயத்தில் யாருக்கும் தெரியாததை நான் கண்டுபிடித்தேன். எல்லாரும் சின்னதிலிருந்து பெரிதுக்குப் போவார்கள். நான் திரும்பி வந்தேன். அவனுக்குத் தெரிவது நடுப்பகுதி மட்டும்தான் என்றால், சுற்றியிருக்கிற திரை எதற்கு? அது அவனைக் குழப்பத்தான் செய்தது. டிவியைக் கழற்றிவிட்டு இருபத்து நான்கு வைத்தேன். ஆறு மாதம் அருமையாக ஓடியது. பிறகு அதிலும் ஓரம் போனது. சாப்ட்வேரைத் திரை நடுவில் சின்னக் கட்டத்துக்குள் அடக்கினேன். கடைசியில் கல்யாண வீடியோக்காரர்கள் கேமரா மேல் மாட்டுவார்களே, ஏழு இஞ்ச், அதை வாங்கி அவன் முகத்துக்கு நேரே ஒரு கம்பியில் பொருத்தினேன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு குமிழ். அதை முடித்தால் அடுத்ததை நான் கொண்டுவந்து வைப்பேன். வலது கண் அதற்குள் அணைந்துவிட்டது. இடது கண்ணில் மிச்சம் இருந்தது அவன் ஊர் வெற்றிலை ஒன்றின் அகலம். அந்த வெற்றிலைக்குள் ஒரு பாட்டு முழுவதையும் அவனுக்கு அடக்கிக் கொடுத்தேன், மேடம். போன ஆடிக்கு வந்த அம்மன் பாட்டைக் கேட்டிருப்பீர்கள். இந்தப் பக்கம் அது கட்டாத ஸ்பீக்கர் இல்லை. அது ஏழு இஞ்சில் செய்தது.

அவனுடைய பார்வை எந்த மாதம் எந்த இடத்தில் எவ்வளவு போனது என்பது உங்கள் டாக்டரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் மெஷின் வைத்து ஒரு நாள் பார்த்தார்கள். நான் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

கிறிஸ்துமஸ் பாட்டு வெளியீட்டு விழாவில் அவனை மேடையேற்றினார்கள். மைக்கைத் தேடிப் பிடித்துக்கொண்டு, "எங்கண்ணே முத்துக்கருப்பன் இல்லாட்டி நான் இல்ல. அவருதான் எனக்குக் கண்ணு" என்றான். கூட்டம் கை தட்டியது. ஐரின் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எத்தனை பேருக்கு இப்படி ஒருவன் கிடைப்பான்?

அதற்குப் பிறகு நான் ஒரு கல்யாணத்துக்குத் திருச்சி போயிருந்த நாளில் ஐரின் அவனை உங்களிடம் கூட்டி வந்துவிட்டாள். சொல்லாமல் போனதில் எனக்கு வருத்தம்தான். போகட்டும். பழைய முகாம் விவரத்தைப் பார்த்துவிட்டு, முன்பே கூப்பிட்டுச் சொன்னோமே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. அதனால் இங்கே வந்திருக்கிறீர்கள்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கூப்பிட்டீர்கள். நான் அவனிடம் சொல்லவில்லை. மறந்துவிடவில்லை, தெரிந்தேதான் சொல்லவில்லை. எழுதித் தரச் சொன்னாலும் தருகிறேன். அவனிடம் நீங்கள் சொல்வதிலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அவன் கோபப்பட மாட்டான் என்று நினைக்கிறேன். மருந்து, ஊசி, ஓய்வு என்று அவனை நீங்கள் உட்கார வைத்திருந்தால் இத்தனை பாட்டு வந்திருக்குமா? அவனுக்குப் பாட்டுதான் உயிர். அந்த உயிரை நான் காப்பாற்றினேன்.

அந்த வெற்றிலை அகலத்தையாவது நிறுத்தி வைக்கலாம், உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று உங்கள் டாக்டர் சொன்னதாக ஐரின் சொன்னாள். வருகிற வியாழக்கிழமை. அன்று அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை வேலை. அதனால் காலையில் கூட்டிக்கொண்டு வருகிற பொறுப்பை என்னிடம்தான் விட்டிருக்கிறாள். என்னைவிட்டால் அவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?

கட்டாயம் கூட்டிக்கொண்டு வருவேன். அதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம். ஒரே ஒரு உதவி மட்டும். மாசிப் பச்சை நெருங்கிவிட்டது, கருமாத்தூர்ப் பங்காளிகளின் பாட்டுக்கு இன்னும் கொட்டு சேர்க்கவில்லை. அதைச் செய்ய அவனுக்கு இருக்கிற பார்வை போதும், நான் பார்த்துவிட்டேன். டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லி, அந்த வியாழக்கிழமையை மட்டும் சிவராத்திரிக்கு அப்புறமாக மாற்றித் தந்துவிடுங்களேன்.