தோள் எப்போது கிழிந்தது

அன்று படகில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தங்கை இராஜம்மாவின் மகன் குரு, மடியில் அவள் அஸ்திக் கலயத்தோடு. காரியம் செய்துவைக்க வந்த பண்டாரம் தம்புசாமி. முன்னால் சுக்கான் பிடித்த படகோட்டி அத்னான். பின்பலகையில் என் தம்பி ரெங்கசாமி. அவன் பக்கத்தில் நான், கார்த்திகேசு.

நீங்கள் இதைக் கேட்கவில்லை, டாக்டரம்மா. தோள் எப்போது கிழிந்தது என்று மட்டும்தான் கேட்டீர்கள். தசைநாண் சுருங்கிப் பின்வாங்கியிருக்கிறது, தசையும் வற்றிவிட்டது, படகில் போய்வந்த இந்த மூன்று வாரத்தில் இப்படி ஆகாது என்று ஸ்கேன் படத்தைக் காட்டிச் சொன்னீர்கள். நன்றாகப் படித்திருக்கிறீர்கள். உங்கள் பெற்றோர் பெருமைப்படலாம்.

தீபாவளிக்கு முந்திய வாரம் கிள்ளானில் எங்கள் கோயில் மண்டபத்தில் அடுக்கியிருந்த இரும்பு நாற்காலிகள் சரிந்தன. வலது கையால் தாங்கினேன். தோளுக்குள் துணி கிழிவது போல ஒரு சத்தம். அன்று இரவிலிருந்து அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை. இடுப்பு உயரம் வரை கை ஒழுங்காக வரும். அதற்கு மேல் போனால் வலி கழுத்து வரை ஏறும். சட்டைக் கையை மாட்ட முடியாது, தலை வார முடியாது. திருநீறு பூசக் கையை நெற்றிக்குக் கொண்டுபோகாமல் நெற்றியைக் கைக்குக் கொண்டுவந்தேன். பார்த்தவர்கள் என் பக்தி கூடிவிட்டது என்று நினைத்தார்கள்.

ரெங்கசாமி மட்டும் அப்படி நினைக்கவில்லை. லோரி ஓட்டிய காலத்தில் அவனுக்கும் இதே கோளாறு வந்து, வெட்டித் தைத்துக்கொண்டவன். ஒருநாள் என்னை உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கி, அப்படியே நிறுத்து என்று சொல்லித் தன் பிடியை விட்டான். கை தொப்பென்று விழுந்தது.

"ஜவ்வு போயிருச்சுண்ணே. கொடிமரம் மாதிரி நிமிந்து நிக்கற, கை மட்டும் கொடித்துணி மாதிரி தொங்குது. எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியாது லா. ஸ்கேன் எடு."

யாரிடமும் சொல்லக் கூடாது என்றேன். நான் கோயில் தலைவர். எங்கள் வீட்டில் மூத்தவன் ஒத்தாசைக்கு ஒருவரைக் கூப்பிட்டதில்லை. என் அப்பாவும் கூப்பிட்டதில்லை. தம்பி சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டான். அதற்குப் பிறகு பந்தியில் என் வலப்பக்கமே உட்கார்ந்தான். நான் எட்ட வேண்டியதையெல்லாம் பேசிக்கொண்டே எடுத்து வைத்தான். விசேஷ நாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு எனக்குச் சட்டை மாட்டிவிட்டான். அவன் மனைவிக்குக்கூடத் தெரியாது. இந்தத் தோளைப் பற்றி உலகத்தில் அறிந்திருந்தவன் அவன் ஒருவன்தான்.

அவனால் காக்க முடியாமல் போனது இன்னொரு விஷயம். என் மகன் குகன் போதைப்பொருள் வழக்கில் சிறையில் இருக்கிறான். ஊரைப் பொறுத்தவரை அவன் வெளிநாட்டில், பெர்த்தில் வேலை பார்க்கிறான். நான், தம்பி, தங்கை, குகன் குடும்பம் தவிர யாருக்கும் தெரியாது. குகனின் மகள் லோகேஸ்வரியைச் செமினியிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். கௌரவமான குடும்பம். அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். பொய் சொல்லிப் பெண் கொடுக்கக் கூடாது என்று தம்பி தொடங்கினான். பொறுமையாக எடுத்துச் சொன்னேன். ஒரு தடவை அல்ல, பல தடவை.

அதற்கிடையில் இராஜம்மா போனாள். அஸ்தி கரைக்க ஆற்றுமுகத்துக்குப் படகெடுத்தோம். குரு கலயத்தைத் தண்ணீரில் விட்டதும், இனி கரை சேரும்வரை யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்றார் தம்புசாமி. எல்லோரும் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தோம். எஞ்சின் சத்தத்தில் தம்பி என் காதருகே குனிந்தான்.

"அக்கா இந்தப் பொய்யச் சுமந்துகிட்டே போயிருச்சு. நான் அப்படிப் போக மாட்டேண்ணே. நாளைக்கே செமினிக்குப் போயி சொல்லிடறேன். பெர்த்தும் இல்ல, ஒரு மண்ணும் இல்லன்னு."

சொல்லிவிட்டுக் குருவின் பக்கத்தில் உட்காரலாம் என்று எழுந்தான். கடந்து போன கப்பலின் அலை எங்கள் படகைத் தூக்கிப் போட்டது. விளிம்பைத் தாண்டி விழுந்தான். அவனை நான் தொடவில்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கையால் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கு நீச்சல் தெரியாது.

நான் வலது கையை நீட்டினேன். அவன் அதைப் பார்த்தான்.

"அந்தக் கை வேணாம்ணே. மத்த கையக் குடு."

சாதாரணமாகத்தான் சொன்னான், பந்தியில் சொல்வது போல. நான் நீட்டிய கையை மாற்றவில்லை. விளிம்பில் பிடி வழுக்கியதும் வேறு வழியின்றி அதையே பற்றினான். என் விரல்கள் அவனை நன்றாகப் பிடித்தன. விரல்களில் குறையில்லை. தூக்குவது தோளின் வேலை. அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அண்ணே, அண்ணே என்றான். பிறகு கை லேசானது.

அந்தக் குரல் குருவுக்குக் கேட்டிருக்கிறது. சின்ன மாமா அம்மாவை நினைத்து அழுகிறார் என்று எண்ணி, திரும்பாமலே தானும் அழுதானாம். படகு ஆற்று வளைவைத் தாண்டிய பிறகுதான் நான் குருவைக் கூப்பிட்டுச் சொன்னேன். மறுநாள் மீனவர்கள் உடலைக் கண்டெடுத்தார்கள். பிள்ளையில்லாத அவனுக்கு நான் கொள்ளி வைக்கும்போது என் கை தூக்க வரவில்லை. பார்த்தவர்கள் காரணத்தை அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு லோகேஸ்வரி என்னருகே வந்து உட்கார்ந்தாள். "அப்பா ஜெயில்ல இருக்காருன்னு அவங்க வீட்டுக்குத் தெரியும் தாத்தா. பொண்ணு பாக்க வரதுக்கு முன்னாடியே நான் சொல்லிட்டேன். சின்னத் தாத்தாகிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம். அதை நினைச்சு ரொம்பக் கவலைப்பட்டாரு."

யோசித்துப் பார்த்தேன். சின்னப் பெண் தனியாகச் சொல்வதும் வீட்டுப் பெரியவர் ஒருவர் போய்ச் சபையில் சொல்வதும் ஒன்றல்ல. நான் எடுத்த முடிவில் தவறில்லை என்றே படுகிறது. இப்போது எனக்குச் சட்டை மாட்டிவிட ஆளில்லை. பொத்தான் போடாமல் ஜிப்பா அணியப் பழகிக்கொண்டிருக்கிறேன். அதற்கும் வெகுநேரம் ஆகிறது. இனித் தைத்தாலும் நிற்காது என்கிறீர்கள். தைக்க வேண்டாம்.

வரும் வெள்ளிக்கிழமை கோயிலில் எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள். உரிமையில்லாத பெருமை எங்கள் குடும்பத்துக்கு வேண்டாம். ஆகவே நீங்கள் எழுதும்போது சரியாக எழுத வேண்டும். தம்பியை இரண்டு கைகளாலும் இழுத்ததில் என் தோள் கிழிந்தது என்று கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. இடது கையால் நான் வேட்டி நனையாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.