எந்தப் பாகத்தை முதலில் மாற்றுவது

கம்ப்யூட்டரில் எந்தப் பாகத்தை முதலில் மாற்ற வேண்டும் என்று கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தப்பாகத்தான் சொல்வார்கள். கண்ணாடி வைத்த பெட்டி வாங்குவார்கள், உள்ளே கலர் விளக்கு போடுவார்கள், பிறகும் விளையாட்டு திக்குகிறதே என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். அந்த மூலையில் உட்கார்ந்து நான் சொல்வதைத் தட்டச்சு செய்கிறவரும் அந்த ரகம்தான். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

விதி ஒன்றுதான். எந்த இயந்திரத்திலும் ஏதோ ஒரு பாகம் மற்ற எல்லாவற்றையும் காக்க வைத்துக்கொண்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்க வேண்டும். அதை மட்டும் மாற்ற வேண்டும். இதற்குப் படிப்பு தேவையில்லை. நான் கல்லூரியை இரண்டாம் வருடத்திலேயே விட்டவன்.

அதற்குப் பிறகு ஒரு குளிர்பதனக் கிடங்கில் மூன்று வருடம் இரவுக் காவல் பார்த்தேன். அண்ணனுக்கு நுரையீரல் கெட்டபோது அண்ணி போன் செய்தாள். "பகல்ல நீ சும்மாதானே இருக்கே, வந்து அண்ணனைப் பார்த்துக்கோயேன்" என்றாள். இரவெல்லாம் விழித்துவிட்டுப் பகலில் தூங்குகிறவன் அவள் கணக்கில் சும்மா இருக்கிறவன். அவள் ஒரு சலவை நிலையத்தில் காலையிலிருந்து மாலைவரை துணி தேய்க்கிறாள். உலகத்திலேயே வேலை செய்கிற ஒரே ஆள் தான்தான் என்று அவளுக்கு நினைப்பு. கம்ப்யூட்டரையும் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

அண்ணன் கார்களுக்குப் பெயின்ட் அடித்தவன். இருபது வருடம், முகமூடி போடாமல். "மாஸ்க் போட்டா கலர் சரியாத் தெரியாதுடா" என்பான். அந்தப் புத்திக்குக் கிடைத்ததுதான் கட்டிலும், மூக்கில் குழாயும், தலைமாட்டில் இரவும் பகலும் இரைகிற ஆக்சிஜன் மிஷினும். அது இல்லாமல் கழிப்பறை வரைக்கும் அவனால் போக முடியாது. என்னைப் பார்த்துச் சிரிப்பான். "நான் காத்துல ஓடறேன், நீ கரன்ட்ல ஓடறே. வீட்டுல மனுஷின்னு உங்க அண்ணி ஒருத்திதான்" என்பான். தன்னைப் பெரிய வேடிக்கைக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

அவனுக்குப் பழைய முதலாளி ஏதோ நிவாரணம் கொடுத்தார். வந்த அன்று என்னைக் கூப்பிட்டான்.

"ஒரு வருஷமா என் கக்கூஸ் பீங்கானைக் கழுவறே. உன் பெட்டிக்கு ஏதாவது ஒரு சாமான் வாங்கிக்கோ. ஒண்ணுதான். ரெண்டுன்னா உங்க அண்ணி என்னையும் சேர்த்து வித்துடுவா."

"எதுக்குண்ணா இப்போ?"

"வாங்குடா. ஆனா வாங்கி மூலையில போட்டுடாதே. நல்லா ஆடணும். வீணாக்கினே, மூச்சு வாங்கினாலும் பரவாயில்லைன்னு எழுந்து வந்து உதைப்பேன்."

திரையில் படத்தை ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டு என்று நான் முன்பே முடிவு செய்திருந்தேன். என்னிடம் இருந்தது ஆறு வருடப் பழசு, மற்ற எல்லாவற்றையும் காக்க வைத்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி, வீட்டில் கரன்ட் போனால் என்ன ஏற்பாடு என்பது. இன்வெர்ட்டர் இருக்கிறது, அதில் ஆக்சிஜன் மிஷினும் ஓடுகிறது என்றேன். "அப்போ முதல்ல இன்வெர்ட்டரை மாத்துங்க தம்பி. இந்தக் கார்டையும் அந்த மிஷினையும் சேர்த்து அது இழுக்காது" என்றார். இன்வெர்ட்டரை மாற்றினால் படம் வேகமாக ஓடுமா? ஓடாது. கார்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அவர் சொன்னது சரிதான். மெயினை அணைத்துப் பார்த்தேன். இரண்டும் ஓடும்போது இன்வெர்ட்டர் பத்து நொடி கத்துகிறது, பிறகு இரண்டையும் சேர்த்து அணைத்துவிடுகிறது. மாலை அண்ணியிடம் சொன்னேன். அவள் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். கரன்ட் போனால் கம்ப்யூட்டரை உடனே நிறுத்தவும். மிஷின் நின்றால் சமையலறை சிலிண்டரில் குழாயை மாட்டவும். எனக்கு போன் செய்யவும். 'உடனே' என்பதற்குக் கீழே இரண்டு கோடு. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு எழுதுவதுபோல.

ஆக்சிஜன் மிஷினுக்குள் ஒரு சின்ன பேட்டரி உண்டு. மின்சாரம் நின்றால் ஊரைக் கூட்டுவதற்கு. கார்டு மாட்டிய அன்று சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்க வேண்டியிருந்தது, ஒவ்வொரு தடவையும் அது அலறியது. கழற்றி என் மேசை டிராயரில் வைத்தேன். பத்து நாள் அங்கேயே இருந்தது. உங்கள் ஆட்கள் எடுத்திருப்பார்கள்.

வியாழக்கிழமை மதியம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்குக் கரன்ட் போனது. எங்கள் அணி ஐந்து பேர். அந்த ஆட்டத்தை ஜெயித்தால் மேல் வரிசை. மூன்று வருடமாக நான் எட்டாத வரிசை. இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. பத்து நொடி. கம்ப்யூட்டர் பிளக்கும், அண்ணன் அறையிலிருந்து வயர் இழுத்த மிஷின் பிளக்கும் என் மேசைக்குக் கீழே ஒரே பலகையில்தான் இருந்தன. குனியக்கூட வேண்டியிருக்கவில்லை. கால் கட்டைவிரலால் ஒரு சுவிட்சை அழுத்தினேன். கத்தல் நின்றது.

நீங்கள் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுகிற ஆட்டத்துப் பேச்சுப் பதிவில் இருப்பது என் குரல்தான். மற்றவன் அணியில் ஒருவன், நேரில் பார்த்ததில்லை.

"டேய், உன் மைக்ல என்னடா டொக்கு டொக்குங்குது?"

"பக்கத்து வீட்ல ஆணி அடிக்கிறாங்க."

"நிறுத்தச் சொல்லுடா, காது போகுது."

"நிறுத்திடுவாங்க."

அண்ணன் அடுத்த அறையில் எவர்சில்வர் டம்ளரால் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தான். கூப்பிட அவனுக்கு மூச்சு இல்லை. நான்கு நிமிடம்போலத் தட்டியிருப்பான். நடுவில் கொஞ்சம் விட்டு, மறுபடி இரண்டு தடவை. ஆட்டம் மேலும் பதினைந்து நிமிடம் ஓடியது. ஜெயித்தோம். அதற்குப் பிறகு நான் எழுந்து போய்த் தாளில் இருந்தபடியே செய்தேன். சிலிண்டர், குழாய், அண்ணிக்கு போன். அண்ணனிடம் மூச்சுதான் இல்லை. அவள் தேய்ப்புப் பெட்டியைக்கூட அணைக்காமல் ஓடி வந்திருக்கிறாள்.

பதற்றத்தில் கை தவறியிருக்கலாம் என்று நேற்று நீங்களே எனக்கு ஒரு வழி காட்டினீர்கள். இரக்கப்படுகிறவர்களுக்குக் கவனம் போதாது. கை தவறவில்லை, கால்தான், அதுவும் தவறவில்லை. அதற்கு முன் அதே வாரத்தில் இரண்டு தடவை, அண்ணன் தூங்கும்போது, கரன்ட் இருக்கும்போதே அந்த சுவிட்சை அணைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை மூன்று நிமிடம். ஒரு தடவை ஐந்து. உதடு லேசாக நீலமானது, விழிக்கவில்லை. புதுப் பாகம் மாட்டினால் எல்லாரும் சோதித்துத்தான் பார்ப்பார்கள். எது எவ்வளவு தாங்கும் என்று தெரியாமல் யாரும் ஆட உட்காருவதில்லை. இருபது நிமிடம் தாங்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அழுத்தினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அண்ணி வெளியே உட்கார்ந்திருக்கிறாளாம். அவளிடம் ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள், அவளுக்கு ஆறுதலாக இருக்கும். ஆட்டம் முழுவதும் படம் ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. அண்ணன் ஆசையாக வாங்கிக் கொடுத்ததை நான் வீணாக்கவில்லை.